லீஜ் அண்ட் லீஃப்: பழைய கதைப்பாடல்களை ராக் குழு பாடிய ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருடைய ஆல்பம்? எப்போது வந்தது?

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் நான்காவது ஆல்பம். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் 1969 டிசம்பரில் வெளியிட்டது. அந்த ஒரே வருடத்தில் இந்தக் குழு வெளியிட்ட மூன்றாவது ஆல்பமும் இதுதான்.

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் என்ற பகுதி. அங்கே குழுவின் கிட்டார்காரர்களில் ஒருவரான சைமன் நிக்கோல் குடியிருந்த வீட்டுக்கு 'ஃபேர்போர்ட்' என்று பெயர். அந்த வீட்டில் ஒத்திகை பார்த்துவந்த பையன்கள் 1967-ல் குழுவாகச் சேர்ந்தபோது வீட்டின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய காது முழுக்க அமெரிக்காவின் பக்கம்தான் இருந்தது. பாப் டிலன் பாடல்களையும் கலிஃபோர்னியா குழுக்களின் பாணியையும் நன்றாகக் கற்றுக்கொண்டு வாசித்த இளைஞர்கள் அவர்கள். இரண்டே வருடத்தில் அதே குழு, ஸ்காட்லாந்தின் தேவதை ராணியைப் பற்றியும் இங்கிலாந்துப் பிரபுவின் மனைவியைப் பற்றியும் எலக்ட்ரிக் கிட்டாரோடு பாட ஆரம்பித்துவிட்டது.

கதைப்பாடல் என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு முழுக் கதையைப் பாட்டாகவே சொல்லி முடிக்கும் நாட்டார் வடிவம். பெரும்பாலும் நாலு நாலு வரிச் சரணங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே மெட்டு. பாடுகிறவர் தன் கருத்து எதையும் சொல்லமாட்டார். யார் என்ன சொன்னார், யார் என்ன செய்தார், அவ்வளவுதான் வரும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சில நூற்றாண்டுகளாக இவை வாய்வழியாகப் புழங்கின. கூடவே, ஒற்றைத் தாளில் பாட்டை அச்சடித்துத் தெருவில் காசுக்கு விற்கும் வியாபாரமும் நடந்தது. அதனால் ஒரே பாட்டு அச்சிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து மறுபடி அச்சுக்கும் போய்ப் போய் வந்திருக்கிறது.

இவற்றைத் தொகுத்தவர்களில் இருவரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். கையெழுத்துப் பிரதிகளையும் பழைய அச்சுப் பிரதிகளையும் சலித்து 305 கதைப்பாடல்களுக்கு எண் போட்டு, 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். 'சைல்ட் 39', 'சைல்ட் 81' என்று இன்றைக்கும் பாடகர்கள் சொல்வது அந்த எண்களைத்தான். மற்றவர் செசில் ஷார்ப். அவர் 1903-ல் சாமர்செட் கிராமங்களில் ஆரம்பித்து, பாடுகிறவர்களின் வீட்டுக்கே போய் மெட்டோடு எழுதி எடுத்தார். பிறகு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளுக்கும் போனார். அங்கே குடியேறியவர்களின் சந்ததி பழைய பாட்டுகளை விடாமல் பாடிக்கொண்டிருந்தது. சைல்டிடம் சொற்கள் நிறைய, மெட்டு குறைவு. ஷார்ப்பின் உழைப்பு மெட்டைக் காப்பாற்றியது.

ராக் வாசித்த இளைஞர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாகத்தான். 1968-ல் சாண்டி டென்னி பாடகியாகச் சேர்ந்தது முதல் படி. அவர் லண்டனின் நாட்டார் இசை கிளப்புகளில் பாடி வளர்ந்தவர், பழைய பாட்டுகள் நிறையத் தெரியும். நிகழ்ச்சிக்கு முன்னால் உடைமாற்றும் அறையில் அவர் பாடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் பிடித்துப்போனது.

அடுத்த படி 'எ செய்லர்ஸ் லைஃப்'. கடலோடியான காதலனைத் தேடிப் போகும் பெண்ணைப் பற்றிய பழைய பாட்டு. 1969 ஜூலையில் வந்த 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் அதை 11 நிமிடத்துக்கு விரித்து வாசித்தார்கள். வயலின் வாசிக்க விருந்தாளியாக வந்தவர் டேவ் ஸ்வார்பிரிக். முதல் முயற்சியிலேயே பதிவாகிவிட்ட பாட்டு அது. அலை எழுவதுபோல மெதுவாக ஆரம்பித்து, நடுவில் குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிட்டாரும் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தைக் கேட்டால், இந்தக் குழு அடுத்து எந்தப் பக்கம் போகும் என்பது புரிந்துவிடும்.

இன்னொரு தூண்டுதல் வெளியிலிருந்து வந்தது. 1968-ல் 'தி பேண்ட்' குழுவின் முதல் ஆல்பம் வெளியாகியிருந்தது. அமெரிக்க மண்ணின் இசையை அதைவிட நன்றாக இங்கிலாந்துக்காரர்கள் வாசிக்க முடியாது என்பது தெளிவானது. அப்படியென்றால் நம் மண்ணில் என்ன இருக்கிறது என்ற கேள்வி தானாக எழுந்தது.

விபத்து ஒன்று நடந்ததாமே?

ஆமாம். 1969 மே 12, அதிகாலை. பர்மிங்காமில் 'மதர்ஸ்' கிளப்பில் வாசித்துவிட்டு எம்1 நெடுஞ்சாலையில் லண்டன் திரும்பும்போது குழுவின் வேன் சாலையை விட்டு விலகி உருண்டது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார். வயது 19. ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்லினும் இறந்தார். பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸுக்குப் பலத்த காயம். சாண்டி அந்த வண்டியில் வரவில்லை.

குழுவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சுகூட வந்தது. தொடர்வது என்று முடிவெடுத்தார்கள், ஆனால் பழைய பாடல்களை மேடையில் திரும்ப வாசிக்க மனம் வரவில்லை. மார்ட்டினோடு வாசித்ததை வேறொருவரை வைத்து வாசிப்பதைவிடப் புதிதாக ஒன்றை ஆரம்பிப்பது மேல் என்று தோன்றியிருக்கிறது. முழுக்க முழுக்க நாட்டார் பாடல்களின் பக்கம் திரும்பியதற்கு இசை ஆர்வம் மட்டும் காரணமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இருபது வயதில் இரண்டு சாவைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் சொந்தச் சொற்களில் அதைப் பாடுவது கடினம். சாவை நேருக்கு நேர் பார்த்துக் கண்ணீர்விடாமல் சொல்லத் தெரிந்த பாடல்கள் முன்னூறு வருடமாகத் தயாராக இருந்தன.

ஃபார்லி சேம்பர்லேன் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

வின்செஸ்டருக்குப் பக்கத்தில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஏற்பாட்டில் அங்கே ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, 1969 கோடையில் குழு முழுவதும் சேர்ந்து தங்கியது. காயங்கள் ஆறவும், புது ஆட்கள் பழகவும், பாடல்களை உருவாக்கவும் அந்த வீடுதான் இடம் கொடுத்தது.

அங்கே இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஸ்வார்பிரிக் இப்போது முழுநேர உறுப்பினர். அவர் இயன் கேம்பெல் குழுவிலும், பிறகு பாடகர் மார்ட்டின் கார்த்தியோடு இணைந்தும் வாசித்துப் பெயர் பெற்றிருந்தவர். மற்றவர்களைவிட மூத்தவர், பாட்டுச் சுரங்கம். இன்னொருவர் டிரம்ஸுக்கு வந்த டேவ் மாட்டக்ஸ். அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஹட்சிங்ஸ் லண்டனில் செசில் ஷார்ப் பெயரிலுள்ள மாளிகையின் நூலகத்தில் உட்கார்ந்து பழைய தொகுப்புகளைப் புரட்டினார். ஒரு பாட்டுக்குப் பத்துப் பாடபேதம் இருக்கும், அதில் எதை எடுப்பது, எந்தச் சரணத்தை விடுவது என்ற வேலையை அவ்வளவு சிரத்தையாகச் செய்த பேஸ் கிட்டார் கலைஞரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

மாட்டக்ஸிடம் அப்படி என்ன விசேஷம்?

நடன அரங்குகளில் வாசித்த பாண்டு குழுவிலிருந்து வந்தவர். நாட்டார் இசை அவருக்கு முற்றிலும் புதிது. இதுவே நல்லதாகப் போயிற்று. ராக் டிரம்ஸ்காரர் என்றால் பாட்டின் இடைவெளியை எல்லாம் நிரப்பப் பார்ப்பார். நாட்டார் இசை தெரிந்தவர் என்றால் மேளத்தைத் தொடவே தயங்குவார். மாட்டக்ஸ் இரண்டும் செய்யவில்லை. ஆடுகிறவர்களின் காலுக்காக வாசித்துப் பழகியவர் என்பதால் தாளத்தைப் பிசகாமல், கனமாக, நிதானமாக வைத்தார். 'மேட்டி குரோவ்ஸ்' பாட்டில் டிரம்ஸை மட்டும் ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். கொலை நடக்கிறது, நடை மாறுவதில்லை. நாட்டார் பாட்டும் ராக்கும் கலந்த பிரிட்டிஷ் ஃபோக் ராக் என்ற வகைக்கே நடை கொடுத்தவர் என்று அவரைத்தான் சொல்வேன்.

எங்கே பதிவு செய்தார்கள்?

லண்டன் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில், 1969 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் தேதிவரை. முன்பு பால் பண்ணையாக இருந்த கட்டடம் அது. ஒலிப்பதிவாளர் ஜான் வுட். அதற்கு முன்பே செப்டம்பர் 24-ஆம் தேதி ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் புதுப் பாடல்களை மேடையேற்றிவிட்டார்கள். அன்று முன்னால் பாடியவர்களில் நிக் டிரேக் ஒருவர். ஆக, ஸ்டுடியோவுக்குள் போகும்போது பாடல்கள் கைக்குப் படிந்திருந்தன. ஆல்பத்தில் தடுமாற்றமே தெரியாததற்கு இது ஒரு காரணம்.

ஆல்பத்தில் எல்லாமே பழைய பாடல்களா?

இல்லை. எட்டு இசைத்துண்டுகளில் மூன்று புதிதாக எழுதியவை. தொடக்கப் பாட்டான 'கம் ஆல் யீ' சாண்டியும் ஹட்சிங்ஸும் எழுதியது. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, குழுவின் வாத்தியங்களை அறிமுகப்படுத்தும் பாட்டு. உற்சாகமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆல்பத்தில் எனக்குக் குறைவாகப் பிடித்தது அதுதான். 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' பாட்டுக்கு வரிகள் தாம்ப்சனுடையவை, மெட்டு பழையது. கடைசிப் பாட்டான 'கிரேசி மேன் மைக்கேல்' தாம்ப்சனும் ஸ்வார்பிரிக்கும் எழுதியது. 'ரெய்னார்டைன்', 'மேட்டி குரோவ்ஸ்', 'தி டெசர்ட்டர்', 'டாம் லின்' ஆகிய நான்கும் மரபுப் பாடல்கள். நடுவில் பாட்டில்லாமல் நாலு பழைய நடன மெட்டுகளைக் கோத்து வாசிக்கிறார்கள். ஸ்வார்பிரிக்கின் வில் பறக்கும், கேட்டுச் சந்தோஷப்படலாம்.

மேட்டி குரோவ்ஸ் கதை என்ன? ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சைல்ட் தொகுப்பில் 81-ஆம் எண். 1613-ல் அச்சான ஒரு லண்டன் நாடகத்திலேயே இதன் சரணம் ஒன்று வருகிறது. அதாவது அப்போதே எல்லாருக்கும் தெரிந்த பாட்டு.

வருடத்தின் முதல் திருநாள். தேவாலயத்துக்கு வந்த டார்னெல் பிரபுவின் மனைவி, அங்கே நிற்கும் மேட்டி குரோவ்ஸ் என்ற ஏழை இளைஞனைப் பார்த்து, இன்று இரவு என்னோடு வா என்கிறாள். அவள் விரலில் உள்ள மோதிரத்தை வைத்து, நீ பிரபுவின் மனைவி ஆயிற்றே என்று அவன் தயங்குகிறான். அவர் வயலில் இருக்கிறார், வீட்டில் இல்லை என்கிறாள். பக்கத்தில் நின்ற வேலைக்காரன் இதைக் கேட்டுவிட்டு ஓடுகிறான். வழியில் ஓடை வருகிறது, செருப்பைக் கழற்றிவிட்டு நீந்துகிறான்.

அடுத்த காட்சியில் மேட்டி தூங்கி விழிக்கிறான். கட்டிலின் காலடியில் டார்னெல் பிரபு நிற்கிறார். அவர் கேட்கும் கேள்வி: மெத்தை எப்படி இருக்கிறது? விரிப்பு எப்படி இருக்கிறது? உன் கையில் தூங்கும் என் மனைவி எப்படி? மேட்டியும் பதில் சொல்கிறான், மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது, அதைவிட இவள் நன்றாக இருக்கிறாள் என்று. எழுந்து உடை உடுத்திக்கொள், நிர்வாணமாக இருந்தவனைக் கொன்றேன் என்று நாடு என்னைப் பேசக்கூடாது என்கிறார் பிரபு. தன்னிடமுள்ள இரண்டு வாளில் நல்லதை அவனுக்கே கொடுக்கிறார். முதல் வெட்டும் அவனுக்கே. மேட்டி வெட்டுகிறான், பிரபுவுக்குக் காயம். பிரபு வெட்டுகிறார், மேட்டி எழவில்லை.

பிறகு மனைவியை மடியில் உட்கார வைத்து, எங்கள் இருவரில் யாரை உனக்குப் பிடிக்கும் என்று கேட்கிறார். செத்த மேட்டியின் உதட்டில் ஒரு முத்தம், உன்னையும் உன் ஆடம்பரத்தையும்விடப் பெரிது என்கிறாள். இதுவரை பொறுமையாக இருந்த பிரபு எழுந்து கூச்சலிட்டு அவளை நெஞ்சில் குத்திச் சுவரோடு சேர்த்துவிடுகிறார். கடைசிச் சரணத்தில் இருவரையும் ஒரே குழியில் புதைக்கச் சொல்கிறார். ஆனால் அவளை மேலே வையுங்கள், அவள் உயர்ந்த குலம் என்கிறார். கொன்ற பிறகும் அந்தஸ்து கலையக்கூடாது! இந்த ஒரு வரிக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் இந்தப் பாட்டைக் கேட்பேன்.

கதை எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த இரவு ஒரு சரணத்தில் போய்விடுகிறது. படுக்கையறைப் பேச்சுக்கு ஆறேழு சரணம். அவசரப்பட வேண்டிய இடத்தில் பாட்டு நிதானிக்கிறது, கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டுகிறது. சாண்டி இதை நடித்துப் பாடவில்லை. பிரபுவுக்கு ஒரு குரல், மனைவிக்கு ஒரு குரல் என்று மாற்றவில்லை. எல்லாரையும் ஒரே தெளிவோடு பாடிக்கொண்டு போகிறார். மனைவியின் அந்தப் பதிலில் மட்டும் குரலில் கொஞ்சம் இரும்பு ஏறுகிறது. கதைப்பாடலை எப்படிப் பாட வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தப் பதிவைத்தான் காட்டுவேன்.

மெட்டு எங்கிருந்து வந்தது என்பதும் சுவையான விஷயம். அப்பலாச்சிய மலைப்பகுதியில் 'ஷேடி குரோவ்' என்ற பாட்டுக்குரிய மெட்டு அது. இங்கிலாந்தின் வார்த்தைகள், அமெரிக்க மலையில் புழங்கிய மெட்டு, லண்டன் ராக் குழு. மொத்தம் எட்டு நிமிடம். கதை முடிந்ததும் பாட்டு நிற்காமல் வயலினும் கிட்டாரும் பொங்கி எழுந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதுவரை அடக்கி வைத்த கோபமும் துக்கமும் அங்கேதான் வெளியே வருகின்றன.

டாம் லின்?

சைல்ட் 39. ஸ்காட்லாந்தின் செல்கிர்க் ஊருக்குப் பக்கத்தில் 'எட்ரிக்', 'யாரோ' என்ற பெயருள்ள இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கார்ட்டர்ஹா என்ற காடு இருக்கிறது. கதை அங்கே நடக்கிறது. 1549-ல் எழுதப்பட்ட ஒரு ஸ்காட்லாந்து நூலே இந்தக் கதையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பிற்பாடு கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கொடுத்த வடிவம் 1796-ல் அச்சேறியது.

கார்ட்டர்ஹா பக்கம் பெண்கள் போகக்கூடாது, அங்கே டாம் லின் இருக்கிறான் என்று எச்சரிக்கிறார்கள். ஜேனட் பாவாடையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறாள். ரோஜாவைப் பறிக்கிறாள், அவன் வந்து நிற்கிறான். பிறகு அவளுக்கு வயிற்றில் பிள்ளை. திரும்பப் போய், நீ மனிதனா என்று கேட்கிறாள். மனிதன்தான், குதிரையிலிருந்து விழுந்தபோது தேவதை ராணி பிடித்துக்கொண்டாள் என்கிறான். ஏழு வருடத்துக்கு ஒருமுறை தேவதைகள் நரகத்துக்குக் காணிக்கை செலுத்த வேண்டும், இந்தத் தடவை அது நானாக இருக்குமோ என்று பயப்படுகிறான். ஹாலோவீன் இரவில் அவர்கள் ஊர்வலமாக வருவார்கள், வெள்ளைக் குதிரையில் வருகிறவன் நான், என்னை இழுத்துக் கீழே தள்ளிக் கட்டிப்பிடித்துக்கொள், பாம்பாக மாற்றுவார்கள், சிங்கமாக மாற்றுவார்கள், விடாதே என்கிறான். அவள் விடவில்லை.

காப்பாற்றுவது இங்கே பெண். வாள் இல்லை, மந்திரம் இல்லை, பிடித்த பிடியை விடாமல் இருப்பதுதான் அவளுடைய ஆயுதம். கடைசியில் ராணி ஆத்திரத்தில், இது தெரிந்திருந்தால் டாம் லினை மரமாக மாற்றியிருப்பேனே என்று கத்துவதோடு பாட்டு முடிகிறது.

இசையில் 'மேட்டி குரோவ்ஸ்' சீராக நடக்கிறது என்றால் 'டாம் லின்' வெட்டி வெட்டி விழுகிறது. கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அடிக்கும் அந்தக் கனத்த அடி, காட்டில் யாரோ எதிரே வந்து மறிப்பது போலிருக்கும். வயலினும் கிட்டாரும் சரணங்களுக்கு நடுவில் நெளிகின்றன. ஹெவி ராக்கின் பலத்தை இவ்வளவு கதையுணர்வோடு பயன்படுத்திய பாட்டு அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. ஆல்பத்தில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன்.

மற்ற பாடல்கள்?

'ரெய்னார்டைன்' மலையில் ஒரு பெண்ணைச் சந்தித்து மயக்கும் மர்மமான ஆளைப் பற்றியது. அவன் நரியா மனிதனா என்ற சந்தேகத்தை ஏற்றிவிட்டதில் நாட்டார் இசை அறிஞர் ஏ. எல். லாய்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் திருத்திய வடிவம்தான் இங்கே பாடப்படுகிறது. தாளமே இல்லாத மிதவை, சாண்டியின் குரல் மட்டும் முன்னால்.

'தி டெசர்ட்டர்' தெருவில் விற்ற பாட்டுத் தாள்களின் வம்சம். லண்டன் துறைமுகப் பகுதியின் ராட்கிளிஃப் சாலையில் நடந்துபோனவனுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்துப் பட்டாளத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஓடுகிறான், நண்பனே காட்டிக் கொடுக்கிறான், 303 கசையடி. மறுபடி ஓடுகிறான், இந்தத் தடவை காட்டிக் கொடுப்பது காதலி. சுட்டுக்கொல்லத் தீர்ப்பு. அந்த நேரத்தில் இளவரசர் ஆல்பர்ட் ஆறு குதிரை வண்டியில் வந்து, இவன் நல்ல சிப்பாய் ஆவான், அவிழ்த்துவிடுங்கள் என்கிறார். மேலோட்டமாகக் கேட்டால் சுபமான முடிவு. யோசித்தால், அவன் தப்பி ஓடிய அதே பட்டாளத்துக்குத்தான் திரும்ப அனுப்பப்படுகிறான். விமர்சகர்கள் அதிகம் பேசாத பாட்டு, பேசியிருக்க வேண்டும்.

'ஃபேர்வெல், ஃபேர்வெல்' மெட்டைச் சுற்றி ஏதோ குழப்பம் உண்டாமே?

அயர்லாந்தின் ஸ்வீனீஸ் மென் குழு 1968-ல் 'வில்லி ஓ' வின்ஸ்பரி' என்ற கதைப்பாடலைப் பதிவு செய்தது. அதைப் பாடிய ஆண்டி இர்வின் சைல்ட் தொகுப்பிலிருந்து வரிகளை எடுத்துவிட்டு, மெட்டைத் தேடும்போது எண்ணை மாற்றிப் பார்த்துவிட்டார். வேறொரு பாட்டின் மெட்டு வந்து ஒட்டிக்கொண்டது. அது அவ்வளவு பொருத்தமாக அமைந்ததால் இன்றுவரை அந்தப் பாட்டைப் பெரும்பாலானோர் அந்த மெட்டிலேயே பாடுகிறார்கள். தாம்ப்சன் அந்த மெட்டில்தான் தன் வரிகளை எழுதினார். விடைபெறுகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் இரண்டரை நிமிடப் பாட்டு. விபத்துக்குப் பிந்தைய மாதங்களில் எழுதியது என்று தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வரியும் கனக்கும்.

'கிரேசி மேன் மைக்கே'லும் அப்படியே. உன் காதலி உன் கையாலேயே சாவாள் என்று ஓர் அண்டங்காக்கை சொல்கிறது. கோபத்தில் மைக்கேல் அதைக் குத்துகிறான். கீழே கிடப்பது பறவை இல்லை, அவள். மரபுப் பாடல் என்றே பலர் நினைத்துவிடும் அளவுக்கு வடிவம் சுத்தமாக இருக்கிறது. தாம்ப்சனுக்கு அப்போது வயது இருபது.

ஆங்கிலம் பழையது, எனக்குப் புரியுமா?

புரியும். ஷேக்ஸ்பியர் அளவுக்குச் சிரமம் இல்லை. பெரும்பாலான வரிகள் எளிய பேச்சுதான், 'டாம் லி'னில் மட்டும் சில ஸ்காட்லாந்துச் சொற்கள் எட்டிப் பார்க்கும். கதையை முதலில் படித்துவிட்டுக் கேட்பது இந்த ஆல்பத்துக்கு நல்ல வழி. இங்கே முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டாம். அந்தக் காலத்திலும் முடிவு தெரிந்தவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்தால் மட்டும் இது ஒன்றுமே கொடுக்காது.

ஆல்பம் வந்ததும் குழு உடைந்தது ஏன்?

ஆல்பம் கடைக்கு வரும் நேரத்திலேயே இருவர் விலகிவிட்டார்கள். ஹட்சிங்ஸுக்கு மரபுப் பாடல்களில் இன்னும் ஆழமாக இறங்க ஆசை. சாண்டிக்குத் தன் சொந்தப் பாடல்களை எழுதிப் பாட ஆசை. விபத்தின் அதிர்ச்சியும் யாருக்கும் முழுமையாக இறங்கியிருக்கவில்லை. ஹட்சிங்ஸ் ஸ்டீலை ஸ்பேன் குழுவை ஆரம்பித்தார். சாண்டி ஃபாதரிங்கே குழுவை. இந்த ஆறு பேர் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம் இது ஒன்றுதான். சாண்டி 1974-ல் ஃபேர்போர்ட்டுக்குத் திரும்பிச் சில காலம் பாடினார். 1978 ஏப்ரலில், 31 வயதில் இறந்துபோனார். லெட் செப்பலின் என்ற ராக் குழு 1971-ல் வெளியிட்ட 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் வரும் பெண் குரல் அவருடையதே.

அன்றைக்கு வரவேற்பு எப்படி இருந்தது?

பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் 17-ஆம் இடம்வரை போனது. நாட்டார் இசை கிளப்புகளில் அப்போது கட்டுப்பாடு அதிகம். தன் மண்ணின் பாட்டைத்தான் பாட வேண்டும் என்று விதி வைத்த கிளப்புகூட இருந்தது. வாத்தியமே இல்லாமல் பாடுவது உயர்வு என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அங்கே எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்பட்டன. காலம் பதில் சொன்னது. 2006-ல் பிபிசி ரேடியோ 2 நாட்டார் இசை விருதுகளில், எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஆல்பம் எது என்று நேயர்களிடம் கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

எந்தப் பதிப்பு வாங்கலாம்?

எட்டுத் துண்டுகள் மட்டும் உள்ள மூல வரிசையை முதலில் கேளுங்கள், நாற்பது நிமிடம்தான். பிற்காலக் குறுந்தகடுகளில் அதே நாட்களில் பதிவான 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' சாண்டியின் குரலில் இருக்கிறது. அது தனி விருந்து. பழைய இசைத்தட்டு கிடைத்தால் உறையைத் திறந்து பாருங்கள். உள்ளே சைல்ட், செசில் ஷார்ப் ஆகியோரோடு பேட்ஸ்டோ ஊரின் பொய்க்கால் குதிரை போன்ற கிராமத்து வழக்கங்களும் படத்தோடு விளக்கப்பட்டிருக்கின்றன. ராக் ரசிகனுக்குப் பாடம் நடத்துவதில் அவர்களுக்கு வெட்கமே இல்லை.

குழு இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் க்ரோப்ரெடி என்ற கிராமத்தில் ஆகஸ்ட் மாதம் அவர்களுடைய திருவிழா நடக்கிறது. 2007-ல் அங்கே இந்த ஆல்பத்தை முழுதாக மேடையேற்றினார்கள். சாண்டியின் இடத்தில் கிறிஸ் வைல் பாடினார்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைக் கேட்பது?

இதே குழுவின் 'ஃபுல் ஹவுஸ்', 1970. சாண்டி இல்லை, ஆனால் வாத்தியக்காரர்களின் வேகம் உச்சத்தில் இருக்கும். அதே வருடம் வந்த ஸ்டீலை ஸ்பேனின் முதல் ஆல்பம் 'ஹார்க்! தி வில்லேஜ் வெய்ட்', ஹட்சிங்ஸின் கனவு எந்தத் திசையில் போனது என்று காட்டும். பாடகி ஷெர்லி காலின்ஸ் 1971-ல் ஹட்சிங்ஸோடு சேர்ந்து செய்த 'நோ ரோசஸ்' இன்னும் கரடுமுரடாக, மண் வாசனையோடு இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் நாட்டார் பாடகி ஆன் பிரிக்ஸ் 1971-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்கச் சொல்வேன். அதில் 'ரெய்னார்டைன்' உண்டு, 'வில்லி ஓ' வின்ஸ்பரி' உண்டு, 'டாம் லின்' கதையே 'யங் டாம்ப்ளிங்' என்ற பெயரில் பத்து நிமிடத்துக்கு மேல், வாத்தியமே இல்லாமல் ஒற்றைக் குரலில் உண்டு. அதைக் கேட்டுவிட்டு ஃபேர்போர்ட்டின் 'டாம் லி'னுக்குத் திரும்பி வந்தால், மாட்டக்ஸும் தாம்ப்சனும் எந்த இடத்தில் அடித்தார்கள், எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டார்கள் என்பது தெளிவாகக் காதில் விழும்.